1502 வீட்டுப் பிள்ளை

"எந்தக் கட்டடம்?"

"நூத்தி ஏழு."

"வீடு?"

"ஆயிரத்தி ஐநூத்தி ரெண்டு."

"தரையில என்ன கொட்டியா கிடக்கு? என் கண்ணைப் பார்த்துச் சொல்லு. சத்தமா."

"நூத்தி ஏழு, ஆயிரத்தி ஐநூத்தி ரெண்டு!"

"அப்படிச் சொல்லுடி கண்ணு" என்று சொல்லிவிட்டு மிரான் வாணலியில் இருந்த நெத்திலியைக் கிளறினாள். எட்டு வயது சோதாம் வாய்ப்பாடு ஒப்பிக்கிற பிள்ளை போலக் கையைக் கட்டிக்கொண்டு அடுப்பங்கரை வாசலில் நின்றாள். அவர்கள் குடியிருந்தது நூற்றேழாம் கட்டடமும் இல்லை, அந்த வீட்டுக்குள் தாயோ மகளோ ஒரு நாளும் காலை வைத்ததும் இல்லை. சந்தைக்குப் பின்னால் இரண்டாவது சந்தில், சலவைக்கடைக்கு மேலே, சிவப்புச் செங்கல் கட்டடத்தின் மாடியில் இரண்டு அறை. அதுதான் அவர்கள் வீடு.

சியோலிலிருந்து மேற்கே முக்கால் மணி நேரம் மெட்ரோ ரயிலில் போனால் வருகிற ஊர் அது. அங்கே பிள்ளைகள் விளையாட்டுத் திடலில் புதிதாக ஒரு பிள்ளையைப் பார்த்தால் பெயரைக் கேட்க மாட்டார்கள். "நீ எந்தக் கட்டடம்?" என்றுதான் கேட்பார்கள். பெரியவர்கள் வீட்டுக்குள் பேசுவதைத்தானே பிள்ளைகள் வெளியே வந்து பேசும்? அதனால் பிள்ளைகளைக் குறை சொல்லி என்ன பயன்.

மிரான் பொய்க்காரி இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கிழக்கே மலைப்பக்கத்தில் சுரங்கம் மூடிப்போன ஊரில் பிறந்து, பள்ளிக்கூடம் முடித்த கையோடு சாக்ஸ் தைக்கிற ஆலையில் சேர்ந்தவள். அப்புறம் பெரிய கடையில் பில் போட்டாள். இப்போது சந்தையில் தொடுகறிக் கடையில் வேலை. வதக்கின நெத்திலி, சோயாவில் கொதித்த தாமரைக் கிழங்கு, கீரை, காரம் போட்டுப் புளிக்கவைத்த நாலு விதக் கிம்ச்சி எல்லாம் டப்பாவில் அடைத்து, சமைக்க நேரமில்லாத வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கடை முதலாளியம்மாவே இவளிடம் கொஞ்சம் பயந்துதான் பேசுவாள். யாராவது ஒரு கத்தரிக்காயைச் சும்மா நீட்டினால்கூட, "எதுக்குங்க, நான் என்ன கேட்டேனா?" என்று முகத்துக்கு நேரே கேட்கிறவள் மிரான். கணவன் தெற்கே கப்பல் கட்டும் தளத்தில் வெல்டர். பண்டிகைக்கு வருவான், தூங்குவான், போவான். சண்டை போடக்கூட நேரம் கிடைக்காத குடும்பம்.

சந்துப் பிள்ளைகளுக்கென்று ஒரு பூங்கா இருக்கத்தான் செய்தது. இரண்டு ஊஞ்சல், ஒரு சறுக்கு, கொஞ்சம் மணல். அதைப் போன வருஷம் நகராட்சி தகரம் வைத்து அடைத்துவிட்டது. அடியில் கார் நிறுத்துமிடம் தோண்டுகிறார்களாம், முடிந்ததும் மேலே பழையபடி பூங்கா வருமாம். பிள்ளை அதுவரை வளராமல் அப்படியே நிற்குமா என்று யாரும் கேட்கவில்லை. தகரத்தின் மேல் பட்டாம்பூச்சிப் படம் மட்டும் அழகாக ஒட்டியிருந்தார்கள்.

சாலைக்கு அந்தப் பக்கம் பெரிய குடியிருப்பு. அதன் நடுவில் கடற்கொள்ளைக்காரர் கப்பல் மாதிரி ஒரு விளையாட்டுத் திடல். கயிற்று வலை, வளைந்து வளைந்து இறங்குகிற குழாய்ச் சறுக்கு, விழுந்தாலும் அடிபடாத ரப்பர் தரை. சோதாம் முதல் தடவை அங்கே போனபோது காவலாளி தாத்தா எந்தக் கட்டடம் என்று கேட்டிருக்கிறார். இவள் உள்ளதைச் சொல்லியிருக்கிறாள். "இது இங்க இருக்கிற பிள்ளைங்களுக்கு மட்டும்தான் பாப்பா. என்னைத் திட்டுவாங்க" என்று அவர் கெஞ்சுகிற குரலில் வெளியே அனுப்பிவிட்டார். வலையின் உச்சியில் இருந்த இரண்டு பையன்கள் மட்டும், "செங்கல் பிச்சை! செங்கல் பிச்சை!" என்று ராகம் போட்டிருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து சோதாம் அழவில்லை. "நம்ம வீடு தப்பான வீடாம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு ஒரு நல்ல தாய் ஆயிரம் பதில் சொல்லலாம். மிரான் மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. நாலாம் நாள் நெத்திலி கிளறிக்கொண்டே இந்தப் பாடத்தை ஆரம்பித்தாள்.

1502 அவள் டப்பா கொண்டுபோகிற வீடு. அங்கே இருந்தவர் பியோ என்று ஒரு மனிதர், நாற்பது வயதிருக்கும். தனி ஆள். வாசலில் ஒரே ஒரு ஜோடி செருப்பு. காலி டப்பாக்களைக் கழுவித் துடைத்துக் கதவுக் கொக்கியில் பையில் மாட்டி வைத்திருப்பார். பொண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை, ஒரு பூனைகூட இல்லை. ஆள் இருந்தும் இல்லாத வீடு, அந்த நம்பரை ஒரு பிள்ளை வாயால் சொன்னால் அவருக்கு என்ன குறைந்துவிடப் போகிறது என்று மிரான் கணக்குப் போட்டாள்.

பொய் நன்றாகவே வேலை செய்தது. நம்பரைச் சொன்னதும் காவலாளி தாத்தா தெரிந்தும் தெரியாதது போல விட்டுவிட்டார், புதிதாகக் குடிவந்திருக்கிறாள் என்று பையன்களும் நம்பிவிட்டார்கள். வசந்தகாலம் முழுக்கச் சோதாம் கப்பலின் மேல்தட்டில் ஏறி நின்று கத்தினாள். ஹாரின் என்று ஒரு தோழி கிடைத்தாள். ஹாரினின் அம்மா குடியிருப்போர் சங்கத்தில் பெரிய ஆள். எந்நேரமும் பச்சை மேல்சட்டை போட்டுக்கொண்டு, விதி விதி என்று பேசுவாள், ஆனால் தர்பூசணி அறுத்தால் எல்லாப் பிள்ளைக்கும் சமமாகத் துண்டு போடுவாள். சாயங்காலங்களில் மிரான் ஏப்ரனைக் கழற்றிப் பைக்குள் திணித்துவிட்டு அம்மாக்கள் உட்கார்கிற பெஞ்சில் ஓரமாக உட்கார ஆரம்பித்தாள்.

"107-ல எந்தப் பக்கம் சோதாம் அம்மா? மலை தெரியுமா?"

"தெரியும் தெரியும்."

"குடுத்து வச்சவங்க! எங்களுக்கு எதிர்க் கட்டடத்துத் துணிக்கொடிதான் தெரியுது. ஆமா, போன வாரம் உங்க லிஃப்ட் நின்னுபோச்சாமே?"

"அதை ஏன் கேக்குறீங்க! பதினஞ்சு மாடி, படியேறி முட்டி கழண்டு போச்சு" என்றாள் மிரான். அது மட்டும் சத்தியமான வார்த்தை. இரண்டு கையிலும் டப்பாப் பையோடு ஏறியவள் அவள்தானே. பெஞ்சு முழுக்க அவளுக்காக உச்சுக் கொட்டியது. நிஜமான முட்டிவலிக்குப் பொய்யான இடத்தில் ஆறுதல் வாங்கிக்கொண்டு வீடு திரும்பியபோது, சாலையைக் கடக்கிற வரைக்கும் மிரானுக்குக் காது சுட்டது. நாளை முதல் போகக் கூடாது என்று நினைத்துக்கொள்வாள். மறுநாள் போவாள்.

ஜூலை வந்தது. அந்தக் குடியிருப்பில் வருஷா வருஷம் கோடையில் கப்பலைச் சுற்றிக் கயிறு கட்டி, தண்ணீர் விட்டு, உச்சியில் ஒரு பெரிய வாளியைத் தொங்கவிடுவார்கள். வாளி நிரம்பி நிரம்பிக் கவிழும், அடியில் நிற்கிற பிள்ளைகள் தொண்டை கிழியக் கத்தும். வெளிப் பிள்ளைகள் நுழைந்துவிடக் கூடாதென்று இந்த வருஷம் புது ஏற்பாடு: ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு நீலக் கைப்பட்டை. பட்டையில் வீட்டு நம்பர் எழுதியிருக்கும். ஹாரின் அம்மாவின் யோசனைதான் இது. பெஞ்சில் அதை அவள் சொன்னபோது, "நல்லதுதானே" என்று தலையாட்டியவர்களில் மிரானும் ஒருத்தி.

பட்டைகளைச் சின்ன உறையில் போட்டு ஒவ்வொரு கதவிலும் ஒட்டிக்கொண்டே போயிருந்தார்கள். வியாழக்கிழமை டப்பா கொடுக்கப் போன மிரான் 1502-இன் கதவுக்கு முன்னால் நின்றாள். உறை பாதி ஒட்டியும் பாதி ஒட்டாமலும் தொங்கியது. லிஃப்ட் கீழே போய்விட்டது. பிள்ளை இல்லாத மனுஷன் இதை மாட்டிக்கொண்டு வாளிக்கடியில் நிற்கவா போகிறார் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். கத்தரிக்காயைச் சும்மா வாங்காத கை உறையைப் பிய்த்து ஏப்ரன் பையில் போட்டது. கீழே வந்து சேரும் வரை யாரோ பின்னால் கூப்பிடுகிற மாதிரியே இருந்தது. யாரும் கூப்பிடவில்லை.

சனிக்கிழமை திறப்பு. சோதாம் கையில் நீலப் பட்டையோடு காலையிலேயே ஓடிவிட்டாள். மிரான் மத்தியானம் கடையில் கொஞ்சம் நேரம் கேட்டுக்கொண்டு, பிள்ளைக்குச் சோற்றைக் கடற்பாசித் தாளில் வைத்துக் கிம்பாப் சுருட்டி எடுத்துக்கொண்டு போனாள். அவசரத்தில் ஏப்ரனைக் கழற்ற மறந்துபோனாள். பாதி வழியில்தான் கவனித்தாள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு பெரிய மரம் உண்டு. சிள்வண்டுகள் காதைத் துளைத்துக்கொண்டிருந்தன. முடிச்சை அவிழ்த்துக்கொள்ளலாம் என்று மரத்துக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

அப்போதுதான் கயிற்று வாசலில் பியோவைப் பார்த்தாள்.

பக்கத்தில் ஒரு பையன். ஏழு வயதிருக்கும். புத்தம்புது நீச்சல் உடை, அதில் கடைச்சீட்டின் நூல்கூட இன்னும் தொங்கியது. இடுப்பில் மஞ்சள் வாத்து மிதவை. அப்பா கையைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டிருந்தான். இரண்டு பேருக்கும் ஒரே காது, ஒரே நெற்றி. யார் பிள்ளை என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"பட்டை வரலைங்க எங்களுக்கு" என்றார் பியோ.

"எல்லாக் கதவிலயும் என் கையாலதானே ஒட்டினேன்" என்றார் காவலாளி தாத்தா, பயந்துபோய். "எந்த வீடு?"

"107, 1502."

பச்சை மேல்சட்டை போட்ட ஹாரின் அம்மா திரும்பினாள். "1502-ஆ? அது நம்ம சோதாம் வீடாச்சே! உள்ளதான் இருக்கா. சோதாம்! இங்க வா கண்ணு!"

சோதாம் சொட்டச் சொட்ட ஓடிவந்தாள்.

"உன் வீடு எது, சொல்லு?"

சோதாம் தரையைப் பார்க்கவில்லை. கற்றுக்கொடுத்தது வீண் போகவில்லை. தலையை நிமிர்த்தி, அந்த வீட்டுக்கு உரியவரின் கண்ணையே நேராகப் பார்த்து, கணீரென்று சொன்னாள்: "நூத்தி ஏழு, ஆயிரத்தி ஐநூத்தி ரெண்டு!"

மரத்துக்குப் பின்னால் நின்ற மிரானுக்கு உடம்பிலிருந்த ரத்தமெல்லாம் முகத்துக்கு ஏறியது. பியோ குழந்தையைப் பார்த்தார். அதன் மணிக்கட்டில் தன் வீட்டு நம்பரைப் பார்த்தார். சுற்றிலும் கண்ணை ஓட்டியவர், மரத்தடியில் தொடுகறிக் கடை ஏப்ரனைப் பார்த்தார். அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது.

"ஆமாங்க" என்றார். "எங்க வீட்டுப் பொண்ணுதான். பட்டையை அவகிட்ட குடுத்ததை நான்தான் மறந்துட்டேன்."

"அட, நீங்கதானா சோதாம் அப்பா!" என்று ஹாரின் அம்மா சிரித்தாள். "தெற்கே கப்பல் வேலைல இருக்கார்னு சோதாம் அம்மா சொல்லுவாங்க. லீவுல வந்தீங்களா? பொண்ணு உங்க ஜாடையே இல்லையே! இந்தத் தம்பி யாரு, சொந்தக்காரப் பையனா?"

பியோ வாயைத் திறந்தார். இப்போது மாற்றிச் சொன்னால் சோதாம் மாட்டிக்கொள்வாள். "ம்" என்றார்.

பையன் குதிப்பதை நிறுத்தினான். அப்பா முகத்தை அண்ணாந்து பார்த்தான். சோதாமைப் பார்த்தான். திரும்ப அப்பாவைப் பார்த்தான்.

"ஒரு பட்டைதானே குறையுது, பரவாயில்ல, தம்பி உள்ள போகட்டும்" என்று தாத்தா கயிற்றைத் தூக்கிப் பிடித்தார்.

பையன் போகவில்லை. வாத்து மிதவையைக் காலால் கீழே தள்ளிக் கழற்றினான். "நான் அம்மாகிட்ட போறேன்" என்றான். சத்தமே இல்லாமல் சொன்னான். சொல்லிவிட்டு வாசலைப் பார்த்து நடக்க ஆரம்பித்தான். "யுச்சான்! டேய் யுச்சான்!" என்று கூப்பிட்டுக்கொண்டே பியோ மிதவையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினார்.

மிரான் என்ன செய்தாள்? ஒன்றும் செய்யவில்லை. அவள் ஏப்ரன் பையில் இரண்டாவது பட்டை இருந்தது. நாலடி எடுத்து வைத்து, "இது என் தப்பு" என்று மூன்று வார்த்தை சொன்னால் போதும். அந்தப் பையன் அவளைத் தாண்டித்தான் போனான், கை நீட்டினால் தொட்டுவிடலாம். சோதாம் அம்மாவைக் கண்டுபிடித்துவிட்டு, என்ன செய்ய என்று கேட்கிற மாதிரிப் பார்த்தாள். மிரான் முகத்தை மரத்தின் பக்கம் திருப்பிக்கொண்டாள். பெற்ற பிள்ளையின் கண்ணைப் பார்க்க முடியாமல் மரப்பட்டையைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த நேரத்தை அவளால் பிற்பாடு எந்தச் சாக்குச் சொல்லியும் கழுவ முடியவில்லை.

அன்று சாயங்காலம் கிம்பாப்பைத் தட்டில் வைத்துக் கொடுத்துத் தலையைத் துவட்டிவிடும்போது சோதாம் கேட்டாள். "அந்த மாமா ஏம்மா பொய் சொன்னாரு?"

"சாப்பிடு."

"அந்தப் பையன் யாரும்மா?"

"சாப்பிடுன்னு சொன்னேன்ல."

அடுத்த வியாழக்கிழமை 1502-இன் டப்பா நின்றுபோகும் என்று மிரான் எதிர்பார்த்தாள். நிற்கவில்லை. கதவுக் கொக்கியில் காலி டப்பாக்கள் வழக்கம்போலக் கழுவித் துடைத்துத் தொங்கின. ஒரு வசவு எழுதிப் போட்டிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். பையை மாற்றி மாட்டிவிட்டு ஓட்டமும் நடையுமாக இறங்கி வந்தாள். அதற்கடுத்த வாரம் மாட்டும்போது கதவு திறந்தது.

பியோ சவரம் செய்யாத முகத்தோடு நின்றார். மிரான் கூனிக் குறுகி, தலை முழங்காலைத் தொடுகிற அளவுக்குக் குனிந்தாள். ஏப்ரன் பையிலிருந்து இரண்டாவது பட்டையை எடுத்து இரு கையாலும் நீட்டினாள்.

"இதை வச்சு நான் என்ன பண்ண?" என்றார் அவர். "நான் மாட்டிக்கிட்டுக் குளிக்கவா?"

அவள் மனசுக்குள் சொல்லிக்கொண்ட அதே வார்த்தை. மிரானுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"மன்னிச்சிருங்க சார். உங்களுக்குக் குழந்தை இருக்குன்னு எனக்குத் தெரியாது."

"நாங்க பிரிஞ்சப்புறம் மாசத்துல ரெண்டு சனிக்கிழமை இருக்கு" என்றார். "மத்த நாள்ல இல்ல. நீங்க வர்றது வியாழக்கிழமை." கதவில் சாய்ந்துகொண்டு, "தண்ணி விளையாட்டு, தண்ணி விளையாட்டுன்னு மே மாசத்துலேருந்து அவனுக்குச் சொல்லிட்டிருந்தேன். என்கிட்ட வேற என்ன இருக்கு அவனுக்குக் காட்ட?" என்றார்.

"இந்த வாரம் வர்றானா சார்?"

"வர மாட்டானாம். அப்பாவுக்கு வேற ஒரு பொண்ணு இருக்கு, என்னைச் சொந்தக்காரப் பையன்னு சொல்லிட்டாருன்னு அவங்கம்மாகிட்டச் சொல்லியிருக்கான். போன் பண்ணினா எடுக்கிறதில்ல. அவங்கம்மாவும் நம்பிட்டா. நம்பாம என்ன? நான் ஒரு வார்த்தை சொன்னேன், அந்தம்மா கேட்டதுக்கு 'ம்'னு ஒரு சத்தம் போட்டேன். எல்லாம் நான் சொன்னதுதானே." குரல் சட்டென்று ஏறியது. "அந்தக் கூட்டத்துல உங்க பொண்ணு அசிங்கப்படக் கூடாதேன்னு அவ முகத்தைப் பார்த்தேன். என் பையன் முகத்தைப் பார்க்காம விட்டுட்டேன். இப்போ யார்கிட்டப் போய்க் கோபப்பட? உங்ககிட்டயா? என்கிட்டயா?"

"நான் அவங்கம்மாகிட்ட வந்து சொல்றேன் சார். எங்க வேணா வந்து சொல்றேன். ஒரு காபிக் கடையில..."

"தனியா சொன்னா, நான்தான் ஆள் பிடிச்சுச் சொல்ல வச்சேன்னு நினைப்பா. நானா இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன்." அவர் கதவுச் சட்டத்தைச் சுரண்டினார். "கடைசிச் சனிக்கிழமை தண்ணி விளையாட்டு முடியுது. அன்னிக்குக் கூட்டிட்டு வரச் சொல்லிக் கெஞ்சியிருக்கேன். வாசல் வரைக்கும் கொண்டுவந்து விடுறேன், அவன் உள்ள வந்தா வரட்டும்னா. அவன் எந்த இடத்துல கேட்டானோ அந்த இடத்துல சொல்லணும். அவ்வளவுதான்."

அந்த இடத்தில் என்றால் பெஞ்சு முழுக்க இருக்கும். பச்சை மேல்சட்டை இருக்கும். வலை உச்சியில் ராகம் போடுகிற பையன்கள் இருப்பார்கள். மிரான் சரி என்று தலையாட்டினாள்.

கடைசிச் சனிக்கிழமை வரைக்கும் நாள் கிடந்தது. சோதாமிடம் உட்கார்ந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தானே பேசிவிட்டால் பிள்ளை வாயைத் திறக்கவே தேவையிருக்காது என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். நிஜம் என்னவென்றால், பெற்ற மகளிடம் பேசுவதைவிட ஊராரிடம் பேசுவது அவளுக்குச் சுலபமாகத் தோன்றியது. அன்று கடை ஏப்ரனைக் கழற்றாமல் போனாள். அது ஒன்றுதான் அவள் யோசித்துச் செய்தது.

யுச்சான் வந்திருந்தான். நீச்சல் உடை இல்லை, சாதாரணச் சட்டை. அப்பாவுக்கும் தனக்கும் நடுவில் இன்னொரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டு நின்றான். குடியிருப்பு வாசலுக்கு வெளியே ஒரு கார் என்ஜினை நிறுத்தாமல் நின்றது.

மிரான் கயிற்றடிக்குப் போய்ச் சோதாமைக் கூப்பிட்டாள். கையைப் பிடித்துக்கொண்டு பையனுக்கு முன்னால் வந்தாள். பெஞ்சில் பேச்சு நின்றது.

"தம்பி" என்றாள். "தம்பி, நான் இந்தக் குடியிருப்பு இல்ல. உங்கப்பா வீட்டுக்குக் கறி டப்பா கொண்டுபோறவ. இவ என் பொண்ணு. உங்கப்பாவுக்கு இவ யாருமில்ல. உங்க வீட்டு நம்பரைச் சொல்லச் சொல்லி நான்தான் இவளுக்குச் சொல்லிக்குடுத்தேன். உங்க பட்டையை நான்தான் கதவுலேருந்து எடுத்தேன். உங்கப்பா என் பொண்ணைக் காப்பாத்தத்தான் அப்படிச் சொன்னாரு. உங்கப்பாவுக்கு நீ ஒருத்தன்தான்."

ஹாரின் அம்மா தர்பூசணிக் கத்தியோடு எழுந்து நின்றாள். முகத்தில் ஈயாடவில்லை. "அப்போ... மலை தெரியும்னீங்க? அந்த லிஃப்ட் கதை?"

"டப்பாவைத் தூக்கிக்கிட்டு ஏறினேன்க்கா. முட்டி வலிச்சது நிஜம்."

பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்து அடக்கினார்கள். "எவ்வளவு தைரியம் பாரேன்" என்றது இன்னொரு குரல். காவலாளி தாத்தா மட்டும் தொப்பியைக் கழற்றி, திரும்பவும் போட்டுக்கொண்டு, வேறு பக்கம் பார்த்தார். மிரான் எல்லோர் பக்கமும் திரும்பிக் குனிந்தாள். காது, கழுத்து, உள்ளங்கை எல்லாம் எரிந்தது. இதற்குமேல் ஒன்றும் இல்லை, முடிந்துவிட்டது என்று நினைத்தாள்.

முடியவில்லை. யுச்சான் அவளைப் பார்க்கவே இல்லை. பெரியவர்கள் பேச்சு அவனுக்கு ஒரு தடவை போதும் போலிருக்கிறது. அவன் சோதாமிடம் கேட்டான்.

"உன் வீடு எது?"

சோதாமுக்குப் பழகின கேள்வி. நூறு தடவை பதில் சொன்ன கேள்வி. வாயைத் திறந்தவள் நிறுத்தினாள். அந்தப் பையனைப் பார்த்தாள், பெஞ்சைப் பார்த்தாள், ஹாரினைப் பார்த்தாள். கடைசியில் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள்.

"எதைச் சொல்லட்டும்மா?"

ஊரே கேட்டுக்கொண்டிருந்தது. மேலே வாளி நிரம்பிக் கவிழ்ந்தது, ஒரு பிள்ளைகூடக் கத்தவில்லை. இத்தனை பேருக்கு முன்னால் இப்போதுதான் பட்டுத் தீர்ந்தது என்று மிரான் நினைத்திருந்த வெட்கம் வெறும் முன்பணம் போல ஆகிவிட்டது.

"நம்ம வீட்டைச் சொல்லு."

சோதாம் உதடு அசைந்தது.

"கேக்கல" என்றான் யுச்சான்.

வேறு வழியில்லை. அடுப்பங்கரையில் சொன்ன அதே வார்த்தைதான் மிரானின் வாயில் வந்தது. "சத்தமா சொல்லுடி கண்ணு."

"ரெண்டாவது சந்து" என்றாள் சோதாம். "சலவைக்கடைக்கு மேல. செங்கல் வீடு."

யுச்சான் அப்பாவுக்கும் தனக்கும் நடுவில் விட்டிருந்த இடத்தில் ஒரு அடி எடுத்து வைத்தான். பியோவின் கை கீழே இறங்கி அவன் தலைமேல் போய் உட்கார்ந்தது.

மிரான் அதைப் பார்க்கவில்லை. அவள் மகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் நம்பரை எல்லோர் கண்ணையும் நேராகப் பார்த்துச் சொல்லிப் பழகிய பிள்ளை, தன் சொந்த வீட்டைத் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அதையும் அவள்தான் கற்றுக்கொடுத்திருந்தாள்.